கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? மெமரி, கூலிங் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதால், கிராபிக்ஸ் கார்டு பற்றிய சந்தேகங்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான், ஆள் மட்டும் மாறுவார். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். விலையை எழுதவில்லை, சென்னை ரிச்சி தெருவில் காலையில் சொன்ன விலை சாயங்காலம் இருப்பதில்லை.

என் கம்ப்யூட்டர்ல ஏற்கனவே 16 ஜிபி ரேம் இருக்கு. அப்புறம் கார்டுல எதுக்குத் தனியா மெமரி?

ரேம் ப்ராசஸருக்கு. கார்டில் இருக்கும் மெமரி, அதாவது வி-ரேம், கிராபிக்ஸ் சிப்புக்கு. இரண்டுக்கும் வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன் சொந்த மெமரியிலிருந்து நொடிக்கு 272 ஜிபி வரை எடுக்கும். அதே கார்டு மதர்போர்டு ஸ்லாட் வழியாக ரேமைத் தொட வேண்டுமென்றால் நொடிக்குச் சுமார் 16 ஜிபிதான் கிடைக்கும். அதனால்தான் மெமரி சிப்புகளை கிராபிக்ஸ் சிப்புக்குப் பக்கத்திலேயே பலகையில் சால்டர் செய்து வைக்கிறார்கள். ரேம் மாதிரி பின்னால் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருக முடியாது. வாங்கும் அன்று எவ்வளவோ, கார்டின் ஆயுள் முழுக்க அவ்வளவுதான்.

விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் "ஷேர்டு ஜிபியு மெமரி" என்று ஒன்று தெரியும். அது உங்கள் ரேமில் பாதியைக் கடன் கணக்கில் காட்டுவது. சில கடைகளில் இதையும் கூட்டி "மொத்தம் 16 ஜிபி கிராபிக்ஸ் சார்" என்பார்கள். அதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோ, சுத்தி வளைக்காம சொல்லுங்க. எத்தனை ஜிபி வாங்கணும்?

வேலரன்ட், சிஎஸ் 2 மாதிரி விளையாட்டுகள் மட்டும்தான் என்றால் 8 ஜிபி தாராளம், 6 ஜிபியிலும் ஓடும். புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகளை 1080பியில் (1920 x 1080 புள்ளித் திரை) ஆட 12 ஜிபி இருந்தால் நிம்மதி. 1440பி மானிட்டர் என்றால் 12-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டு 16-க்கு முயலுங்கள். 4கே என்றால் 16-க்குக் கீழே பார்க்கவே வேண்டாம். வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (3டி வரைகலை மென்பொருள்) வேலைக்கும் 12 முதல் 16. ஏஐ ஒரு தனிக் கதை, கீழே வருகிறது.

1080பி மானிட்டருக்கு எதுக்கு 12 ஜிபி? அதிக மெமரி 4கேக்குத்தான்னு கடைக்காரர் சொல்றாரே?

பாதி உண்மை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு புள்ளிக்கு 4 பைட் வைத்தால், 1080பி படம் ஒன்றுக்கு 8 எம்பி சொச்சம், 4கே படத்துக்கு 33 எம்பி. ஒரு விளையாட்டு இப்படிப் பல இடைநிலைப் படங்களை வைத்திருக்கும். எல்லாம் சேர்த்தாலும் ரெசல்யூஷனால் மட்டும் 8 ஜிபி நிரம்பாது.

இடத்தை அடைப்பது டெக்ஸ்சர்தான். சுவரின் காரை, சட்டையின் நெசவு, முகத்தின் தோல் என்று பொருள்களின் மேல் போர்த்தும் படங்கள் அவை. பக்கத்துக்கு 4096 புள்ளி கொண்ட ஒரு டெக்ஸ்சர், சுருக்கிய பிறகும் 16 எம்பி. தூரத்திலிருந்து பார்க்கும்போது பயன்படுத்தும் சின்னப் பிரதிகளையும் சேர்த்தால் 21 எம்பி. ஒரே சுவருக்கு நிறத்துக்கு ஒன்று, மேடு பள்ளத்துக்கு ஒன்று, பளபளப்புக்கு ஒன்று என்று இரண்டு மூன்று வேண்டும். இப்படி நூறு படம் சேர்ந்தால் 2 ஜிபி போய்விட்டது. உங்கள் மானிட்டர் 1080பியாக இருந்தாலும் டெக்ஸ்சரை "அல்ட்ரா"வில் வைத்தால் இதே கணக்குதான். ஒளியையும் நிழலையும் நிஜம் மாதிரி காட்டும் ரே டிரேசிங்கைப் போட்டால் அதற்கு வேறு தனியாக இடம் வேண்டும்.

2023 மார்ச்சில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கம்ப்யூட்டருக்கு வந்தபோது 8 ஜிபி கார்டுக்காரர்கள் திணறியது இதனால்தான். பின்னால் அப்டேட் போட்டுச் சரி செய்தார்கள். ஆனால் போக்கு திரும்பவில்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் 16 ஜிபி பொது மெமரி இருக்கிறது. விளையாட்டு செய்பவர்கள் அந்த அளவை மனதில் வைத்துத்தான் செய்கிறார்கள்.

மெமரி பத்தலைன்னா எப்படித் தெரியும்? கேம் க்ராஷ் ஆகுமா?

சில சமயம் ஆகும். பெரும்பாலும் அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. நொடிக்குச் சராசரி 70 ஃபிரேம் (திரையில் வரும் படம்) என்று நன்றாகவே காட்டும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு குலுக்கல் வரும். இன்னும் சில விளையாட்டுகள் குலுங்காது. சத்தமில்லாமல் டெக்ஸ்சரை மங்கலாக்கிவிடும். சுவரெல்லாம் களிமண் பூசியது மாதிரி இருக்கும், பக்கத்தில் போய் சில நொடி நின்றால்தான் தெளியும். யூடியூப் ஒப்பீடுகளில் சராசரியை மட்டும் பார்த்துவிட்டு "8 ஜிபிக்கும் 16 ஜிபிக்கும் வித்தியாசமே இல்லை" என்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். "1 சதவீத லோ" என்ற எண்ணை, அதாவது மிக மெதுவான ஃபிரேம்களின் வேகத்தை, பாருங்கள்.

உங்களிடம் ஏற்கனவே 8 ஜிபி கார்டு இருந்தால் பதற வேண்டாம். டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். மற்ற செட்டிங்கைத் தொட வேண்டியதில்லை. பின்னால் ஓடும் குரோமையும் மூடுங்கள், அதுவும் கார்டு மெமரியைக் கொஞ்சம் தின்னும்.

டிஎல்எஸ்எஸ் போட்டா மெமரி மிச்சமாகும்ல?

கொஞ்சம் மிச்சமாகும். டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியா வசதி, படத்தை உள்ளே சின்ன அளவில் வரைந்து பெரிதாக்குவதால் இடைநிலைப் படங்கள் சுருங்கும். டெக்ஸ்சர் அப்படியே இருக்கும் என்பதால் பெரிய லாபமில்லை. இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் புதிதாக ஒன்றை உண்டாக்கிச் செருகும் ஃபிரேம் ஜெனரேஷன் வேறு விஷயம்: அது மெமரியைக் கூடுதலாகக் கேட்கும். 8 ஜிபி கார்டில் இடம் இல்லாதபோது அதைப் போட்டால், கூட வேண்டிய ஃபிரேம் குறைவதும் உண்டு.

தம்பி, பையனுக்கு 4 ஜிபி கார்டு கம்மி விலைக்குக் கிடைக்குது. 4 ஜிபின்னா ஓரளவு நல்லதுதானே?

பெட்டியில் என்ன மாடல் போட்டிருக்கிறது என்று பாருங்கள் சார். பெரும்பாலும் அது ஜிடி 730 ஆக இருக்கும். 2014-இல் வந்த கார்டு. அதன் 4 ஜிபி, டிடிஆர்3 வகை மெமரி, சாதாரண ரேமில் போடும் மெதுவான ரகம். தொட்டி பெரிசு, குழாய் சின்னது என்பதுதான் இங்கே நிலைமை. அந்த 4 ஜிபி நிரம்பும் அளவுக்கு ஒரு விளையாட்டை ஓட்ட அந்த சிப்பால் முடியவே முடியாது.

ஜிபி எண்ணுக்குப் பக்கத்தில் என்ன வகை மெமரி என்பதும் முக்கியம். ஜிடி 1030 என்று ஒரு கார்டு 2017-இல் ஜிடிடிஆர்5 என்ற வேகமான கிராபிக்ஸ் மெமரியோடு வந்தது, நொடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் சாதாரண ரேம் ரகமான டிடிஆர்4 போட்டு ஒன்றை விட்டார்கள், நொடிக்கு 16.8 ஜிபி. பெயரும் 2 ஜிபி என்ற எண்ணும் மாறவில்லை. வேகம் மூன்றில் ஒரு பங்கு. பழைய கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) சின்னது, தனி பவர் கேபிள் இல்லை என்றால் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையைப் பாருங்கள். 70 வாட்தான், ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். 3050-இன் 8 ஜிபி வகை 130 வாட் கார்டு, வேகமும் கூட. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3060-ல 12 ஜிபி இருந்துச்சு, 4060-ல 8 தான். புதுசு வர வர எப்படிக் குறையுது?

இதற்கு ஒரு நிஜமான பொறியியல் காரணம் இருக்கிறது, கொஞ்சம் வியாபாரமும் இருக்கிறது. ஒவ்வொரு மெமரி சிப்பும் 32 பிட் அகலப் பாதையில் இணைகிறது. 3060-இல் பாதை 192 பிட், ஆகவே 6 சிப். ஒவ்வொன்றும் 2 ஜிபி என்றால் 12 ஜிபி. 4060-இல் பாதையை 128 பிட்டாகக் குறைத்தார்கள். 4 சிப், 8 ஜிபி. நடுவில் 12 வைக்க வழி இல்லை. அடுத்த படி, பலகையின் பின்பக்கமும் 4 சிப் வைத்து 16 ஆக்குவது. 4060 டிஐ 16 ஜிபி அப்படித்தான் பிறந்தது. 5060 டிஐ 16 ஜிபியிலும் அதே வழிதான்.

குறுகிய பாதையை ஈடுகட்ட சிப்புக்குள் பெரிய கேஷ் (அடிக்கடி தேவைப்படும் தரவை வைக்கும் அதிவேக மெமரி) வைத்தார்கள். வேகத்துக்கு அது உதவுகிறது. கொள்ளளவுக்கு உதவாது. இன்டெல் ஆர்க் பி580 192 பிட்டும் 12 ஜிபியுமாக 2024 டிசம்பரில் அமெரிக்காவில் 249 டாலருக்கு வந்ததைப் பார்த்தால், மனம் வைத்தால் முடியும் என்றுதான் தோன்றுகிறது. அந்தக் கார்டுக்கு ஒரு நிபந்தனை: ப்ராசஸரைக் கார்டின் முழு மெமரியையும் ஒரேயடியாக அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி மதர்போர்டில் இருக்க வேண்டும். பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் வேகம் கணிசமாகக் குறைகிறது.

இன்னொரு எச்சரிக்கை: பின்னாளில் 3060-இலேயே 8 ஜிபி வகை ஒன்று வந்தது. 128 பிட், 12 ஜிபி கார்டை விட மெதுவானது. பில்லில் "12 ஜிபி" என்று எழுதி வாங்குங்கள்.

அண்ணா, ஒரே காசுக்கு ரெண்டு கார்டு இருக்கு. மூணு ஃபேன், ஆர்ஜிபி லைட்டோட 8 ஜிபி. ரெண்டு ஃபேன், சாதா 16 ஜிபி. எதை எடுக்க?

சாதா 16 ஜிபி. கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவேன்.

என்விடியா 5060 டிஐ, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி இரண்டுமே 8, 16 என்று இரு வகையாக விற்கின்றன. ஒவ்வொன்றிலும் இரு வகைக்கும் சிப் ஒன்றேதான். 5060 டிஐ 180 வாட் கார்டு. 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். இந்தச் சூட்டை இரண்டு ஃபேன் உள்ள ஒழுங்கான கூலர் சிரமமில்லாமல் சமாளிக்கும். மூன்றாவது ஃபேனால் ஐந்தாறு டிகிரி குறையலாம், சத்தம் கொஞ்சம் இறங்கலாம், ஃபிரேம் ஒன்றிரண்டு கூடலாம். அவ்வளவுதான். சூட்டைப் பின்னால் குறைக்க வழி இருக்கிறது: கேபினெட்டில் ஒரு ஃபேன் கூட்டலாம், கார்டு இழுக்கும் வாட் வரம்பான பவர் லிமிட்டை இறக்கலாம், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய பேஸ்டை மாற்றலாம். மெமரியை ஒன்றும் செய்ய முடியாது என்று முதல் பதிலிலேயே சொன்னேன். காசை முதலில் மெமரியில் போடுங்கள், மிச்சம் இருந்தால் கூலரில்.

இந்த வாதம் 200 வாட் வரைதான். ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி (304 வாட்), 5070 டிஐ (300 வாட்) மாதிரி கார்டுகளில் எல்லா மாடலிலும் மெமரி ஒரே 16 ஜிபி. அங்கே தேர்வே கூலரில்தான் இருக்கிறது. மெல்லிய கூலரை எடுத்தால் ஜெட் விமானச் சத்தத்தோடு வாழ வேண்டியிருக்கும்.

அப்போ மூணு ஃபேன் கார்டு சும்மா ஏமாத்தா?

இல்லை. ஆனால் ஃபேன் எண்ணிக்கை கடைசியாகப் பார்க்க வேண்டியது. சூட்டைச் சுமப்பது ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடு அடுக்கு. ஃபேன் அதன் மேல் காற்றை மட்டும் ஊதுகிறது. கார்டு எத்தனை ஸ்லாட் தடிமன், செம்புக் குழாய்கள் எத்தனை, அடுக்குத் தகடுகள் கார்டின் முழு நீளத்துக்கும் போகிறதா, மெமரி சிப்புகளின் மேல் சூட்டைக் கடத்தும் மெத்தை போன்ற பேட் வைத்து ஹீட்சிங்கோடு சேர்த்திருக்கிறார்களா, இவைதான் விஷயம். பிளாஸ்டிக் மூடிக்குள் பாதி நீளத்துக்கு மட்டும் அலுமினியம் இருக்கும் மூன்று ஃபேன் கார்டுகளும் உண்டு. பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இப்போதெல்லாம் பலகை சின்னதாகவும் கூலர் அதைத் தாண்டி நீண்டும் இருக்கிறது. அந்தக் கடைசிப் பகுதியில் காற்று தடையில்லாமல் ஊடுருவி மறுபக்கம் போகும். இது நல்ல வடிவமைப்பு. ஒற்றை ஃபேன் குட்டிக் கார்டை 115 வாட் 4060-க்கு ஏற்றுக்கொள்வேன், அதற்கு மேல் வேண்டாம். சூட்டை நேராக கேபினெட்டுக்கு வெளியே தள்ளும் ப்ளோவர் வகை, அலுவலக ஒர்க்ஸ்டேஷனுக்கு ஏற்றது. வீட்டில் அதன் சத்தம் தாங்காது.

புதுக் கார்டு மாட்டினேன், ஃபேன் சுத்தவே இல்ல. டெட் பீஸா?

இல்லை. சும்மா இருக்கும்போது ஃபேன் நிற்பது இப்போதைய கார்டுகளின் வசதி. சூடு 50, 60 டிகிரியைத் தாண்டினால் தானாகச் சுற்றும். ஒரு கேமைத் திறந்து சில நிமிடம் பாருங்கள்.

எங்க வீடு மொட்டை மாடிக்குக் கீழ ரூம், ஏசி இல்ல. சென்னை மே மாச வெயிலுக்குக் கார்டு தாங்குமா?

தாங்கும். ஆனால் இணையத்தில் படித்த எண்களை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டு விமர்சகர்கள் 21 முதல் 25 டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். கூலர் எதுவானாலும் அறைக் காற்றை வைத்துத்தான் குளிர்விக்கும். அறை எவ்வளவு ஏறுகிறதோ, கார்டும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். 24 டிகிரி அறையில் 66 காட்டிய கார்டு, 37 டிகிரி அறையில் 80-ஐ ஒட்டி நிற்கும். அல்லது ஃபேன் வேகமாகச் சுற்றி அதை 75-இல் பிடித்து வைக்கும். நம் ஊருக்குக் கூலரில் கொஞ்சம் இடைவெளி வைத்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

அதைவிட அதிகம் பேசப்படாத விஷயம், கார்டின் சூடு எங்கே போகிறது என்பது. கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் உங்கள் அறையில்தான் சூடாக இறங்கும். நல்ல கூலர் என்பது அந்தச் சூட்டை வேகமாக அறைக்குள் தள்ளும் கூலர், அவ்வளவே. மொத்தம் 300 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் ஓடினால் சின்ன ஹீட்டரோடு உட்கார்ந்திருப்பதாக அர்த்தம். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும் என்பதால் ஏசி அறையில் இது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏசி இல்லாமல் கதவையும் சாத்தினால் நீங்கள்தான் முதலில் சூடாவீர்கள். அப்படிப்பட்ட அறைக்கு வாட் குறைந்த கார்டே சரி: 145 வாட் 5060-இல் 8 ஜிபிதான் என்பதால், 160 வாட் 9060 எக்ஸ்டி 16 ஜிபியைச் சொல்வேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேம் ஆடும்போது 82 டிகிரி காட்டுது. எடுத்துடவா?

வேண்டாம். 4060-க்கு என்விடியா சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி; 3060-க்கு 93. வரம்பை நெருங்கினால் கார்டே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. ஏஎம்டி கார்டில் "ஹாட்ஸ்பாட்" என்று சிப்பின் மிகச் சூடான புள்ளியைக் காட்டும். அது 95 என்று பார்த்துப் பயந்தவர்கள் நிறைய பேர். அதற்கு அனுமதி 110 வரை.

தனி எண்ணைவிட, நிலைமை மாறுகிறதா என்று பாருங்கள். போன வருடம் இதே மாதத்தில், இதே விளையாட்டில் 72 இருந்து இப்போது 82 என்றால் தூசி அடைத்திருக்கலாம், பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சாதாரணச் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 30 டிகிரி இடைவெளி இருந்தால் பேஸ்ட் சரியாகப் பரவவில்லை என்று பொருள். வாரண்டி இருக்கும்போது நீங்களே கழற்றாதீர்கள். ஸ்குரூ மேல் ஸ்டிக்கர் கிழிந்தால் சர்வீஸ் சென்டரில் வாக்குவாதம்தான் மிஞ்சும். தூசியை மட்டும் ப்ளோவரால் ஊதலாம். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

கழற்றாமலே சூட்டைக் குறைக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 80 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். எந்த பிராண்ட் கார்டிலும் அந்த மென்பொருள் ஓடும். சூடும் சத்தமும் கண்கூடாகக் குறையும், ஃபிரேம் சில சதவீதம்தான் இழக்கும். கார்டு தொழிற்சாலையிலிருந்து வரும்போதே கடைசி சொட்டு வேகத்துக்காக அதிகக் கரண்ட் குடிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கடைசி சொட்டு நமக்கு வேண்டாம்.

கார்டு நல்ல கார்டுதான், ஆனா கேபினெட்டைத் திறந்து வெச்சா மட்டும் சூடு குறையுது. ஏன்?

கேபினெட்டுக்கு மூச்சு முட்டுகிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் கோடு மாதிரி சந்து, உள்ளே மூன்று கலர் ஃபேன்: பார்க்க அழகு, காற்றுக்கு வழியில்லை. கார்டு தான் வெளியே விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறது. முன்னால் வலை போட்ட கேபினெட், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே என்றிருந்தால் போதும். கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க ஒரு மரப்பெட்டி அறை விட்டிருப்பார்களே, அதற்குள் வைக்காதீர்கள். சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

வாங்கும் முன் நீளமும் அளக்க வேண்டும். மூன்று ஃபேன் கார்டுகள் 300 மில்லிமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். பழைய கேபினெட்டில் ஹார்ட் டிஸ்க் கூண்டு இடிக்கும்.

450 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா? யூபிஎஸ்ல ஓடுமா?

எஸ்எம்பிஎஸ் பிராண்டைப் பொறுத்தது. 5060-க்கு 550 வாட்டும், 5060 டிஐ-க்கு 600 வாட்டும் என்விடியா பரிந்துரைக்கிறது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் மேல் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். அதை மாற்றும் செலவையும் கார்டு பட்ஜெட்டில் சேருங்கள்.

வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பொதுவாக 360 வாட் வரைதான் தரும். 180 வாட் கார்டு, ப்ராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் அதன் எல்லையில் நிற்கும். கரண்ட் போகும் நொடியில் கேம் ஓடிக்கொண்டிருந்தால் யூபிஎஸ் கீச்சிட்டு அணையும். 1000 விஏ-வுக்கு மேல் பாருங்கள்.

லேப்டாப்லயும் 3060 தானே? டெஸ்க்டாப் மாதிரியே இருக்குமா?

பெயர் மட்டும்தான் ஒன்று. டெஸ்க்டாப் 3060-இல் 12 ஜிபி, லேப்டாப் 3060-இல் 6. டெஸ்க்டாப் 4090-இல் 24, லேப்டாப்பில் 16. ஒரே பெயருள்ள லேப்டாப் சிப்பும் ஒரு மாடலில் 60 வாட், இன்னொன்றில் 115 வாட் என்று ஓடும். லேப்டாப் வாங்குபவர்கள் மெமரியோடு அந்த வாட் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட்ல 8 ஜிபி ஆர்எக்ஸ் 580 கிடைக்குது. மைனிங் கார்டா இருந்தா என்ன ஆகும்?

மைனிங் என்பது கார்டை இரவு பகலாக ஓட்டி கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது. ஈதரியம் என்ற நாணயம் 2022 செப்டம்பர் 15 அன்று மைனிங் தேவைப்படாத முறைக்கு மாறியதும் கிராபிக்ஸ் கார்டு மைனிங் சரிந்தது. அந்தக் கார்டுகள் வண்டி வண்டியாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியதாலேயே சிப் கெட்டுப்போவதில்லை. தேய்வது ஃபேன், காய்வது பேட். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள 3080, 3090 என்றால் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 3090-இல் பின்பக்கமும் 12 மெமரி சிப் இருக்கிறது. மைனிங்கில் அவை 100 டிகிரிக்கு மேல் கிடந்து வெந்தவை. கடைக்காரர் எதிரிலேயே அரை மணி நேரம் ஓட்டி, எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் மெமரி சூட்டைப் பாருங்கள்.

ஆர்எக்ஸ் 580 என்றால் "2048எஸ்பி" என்ற வகை இருக்கிறது, பெயர்தான் 580, உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 570. ஆன்லைனில் அடிமாட்டு விலைக்கு வரும் "1050 டிஐ"களில் பழைய ஜிடிஎஸ் 450 சிப்பை பயாஸ் (கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருள்) மாற்றி விற்பதும் உண்டு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடும்.

வீட்லயே ஏஐ மாடல் ஓட்டணும். எவ்ளோ மெமரி?

இங்கே மெமரிதான் எல்லாம். கணக்கு எளிது: மாடலில் உள்ள பாராமீட்டர் (மாடல் கற்றுவைத்திருக்கும் எண்கள்) எண்ணிக்கையை, ஒன்றுக்கு எத்தனை பைட் என்பதால் பெருக்குங்கள். 8 பில்லியன் மாடல் 16 பிட்டில் (2 பைட்) 16 ஜிபி. 4 பிட்டாகச் சுருக்கினால் 4 ஜிபி, நடைமுறையில் 5-ஐ ஒட்டி வரும். 14 பில்லியன் மாடல் 4 பிட்டில் சுமார் 9 ஜிபி. இதற்கு மேல் உரையாடல் நீள நீளத் தனியாக இடம் தேவை. ஆக 8 ஜிபி கார்டில் 8 பில்லியன் வரை, 16 ஜிபியில் 14 பில்லியன் நிம்மதியாக. 32 பில்லியன் 4 பிட்டிலேயே 20 ஜிபி கேட்கும் என்பதால் 24 ஜிபி கார்டு வேண்டும்.

விளையாட்டில் மெமரி தீர்ந்தால் குலுங்கும். இங்கே தீர்ந்தால் மாடல் ஏறாது, அல்லது பாதி ரேமில் கிடந்து ஆமை வேகத்தில் ஓடும். வேகமான 8 ஜிபி கார்டை விட மெதுவான பழைய 3060 12 ஜிபி இந்த வேலைக்கு மேல்.

என் மதர்போர்டு பழசு, பிசிஐஇ 3.0. புதுக் கார்டு போட்டா வேஸ்ட்டா?

வேலை செய்யும். பிசிஐஇ என்பது கார்டைச் செருகும் ஸ்லாட், 3.0 அதன் பழைய தலைமுறை. எவ்வளவு இழப்பு என்பது கார்டு அதில் எத்தனை லேன் (தரவுப் பாதை) பயன்படுத்துகிறது, மெமரி எவ்வளவு என்ற இரண்டையும் பொறுத்தது. 5060 டிஐ-இல் 8 லேன்தான், 3.0 போர்டில் அது நொடிக்குச் சுமார் 8 ஜிபி. மெமரிக்குள் எல்லாம் அடங்கும்வரை பெரிதாகத் தெரியாது. 8 ஜிபி நிரம்பி ரேமுக்கு வழியும்போதுதான் அந்தக் குறுகிய பாதை கழுத்தைப் பிடிக்கும். பழைய போர்டுக்காரர்களுக்கு 16 ஜிபி இன்னும் அவசியம் என்பது இதனால்தான். 9060 எக்ஸ்டி 16 லேனும் பயன்படுத்துவதால் பழைய போர்டுக்கு என் முதல் தேர்வு அதுதான். நான்கே லேனும் 4 ஜிபியுமாக 2022-இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை 3.0 போர்டில் போடவே வேண்டாம்.

16 ஜிபி கார்டுல பின்பக்கமும் மெமரி சிப் இருக்குன்னீங்க. அது சூடாகி கெட்டுப்போகாதா?

நியாயமான சந்தேகம். முன்பக்கச் சிப்புகள் பெரிய ஹீட்சிங்கைத் தொட்டிருக்கும். பின்பக்கச் சிப்புகளுக்கு கார்டின் முதுகுத் தகடான பேக்பிளேட் மட்டும்தான் துணை. பேக்பிளேட் உலோகமா, சிப்புக்கும் அதற்கும் நடுவில் பேட் வைத்திருக்கிறார்களா என்று கார்டைப் பிரித்துக் காட்டும் விமர்சனங்களில் பாருங்கள். பிளாஸ்டிக் பேக்பிளேட் உள்ள 16 ஜிபி மாடலை நான் தவிர்ப்பேன். ஆனால் 3090 கதையோடு இதை ஒப்பிட வேண்டாம். அது 350 வாட் கார்டு, அதன் மெமரி வகையே சூடானது. 160, 180 வாட் கார்டில் நான்கு சிப் பின்னால் இருப்பது பெரிய பாரமில்லை.

ரெண்டு 8 ஜிபி கார்டு போட்டா 16 ஜிபி ஆகுமா?

விளையாட்டுக்கு ஆகாது. இரண்டு கார்டை இணைக்கும் எஸ்எல்ஐ இருந்த காலத்திலேயே இரண்டு கார்டும் ஒரே தரவைத்தான் தனித்தனியாக வைத்திருந்தன. 8-ம் 8-ம் 8 தான். இப்போது அந்த இணைப்பே வீட்டுக் கார்டுகளில் இல்லை. கடைசியாக 3090 வரிசையில் இருந்தது.

ஏஐ-க்கு மட்டும் ஆகும். மாடலின் அடுக்குகளைப் பிரித்துப் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஏற்றலாம். பலர் இரண்டு 3060 12 ஜிபி போட்டு 24 ஜிபி ஆக்கிக்கொள்வது இப்படித்தான். அப்படிச் செய்தால் இரண்டு கார்டுக்கும் நடுவில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக விடுங்கள். ஒட்டி மாட்டினால், ஒன்றின் ஃபேனுக்கு எதிரில் இன்னொன்றின் சூடான முதுகுதான் இருக்கும். காற்று கிடைக்காமல் அந்தக் கார்டு எப்போதும் பத்துப் பதினைந்து டிகிரி கூடவே காட்டும்.